ஒரு கட்டு, பத்தொன்பது

பத்தொன்பது. அதில் முப்பிடாதிக்குச் சந்தேகமே கிடையாது. சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவாள். பத்தொன்பதுக்கு முன்னால் இருந்தது ஒரு கட்டா, ரெண்டு கட்டா என்பதுதான் இருபத்து மூன்று நாளாக அவளைப் போட்டு அரிக்கிறது. கலெக்டர் ஆபீஸ் இரண்டாம் மாடி வராந்தாவில், பச்சைப் பெயிண்ட் உரிந்த பெஞ்சில், அக்கா செண்பகவல்லிக்கும் அக்காவின் மாமியாருக்கும் நடுவில் ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டு இப்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு சோம்பேறி ஃபேன் சுற்றுக்கு ஒரு டக் போட்டது. எண்ணக் கூடாது என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பதினொன்று ஆகியிருந்தது. உள்ளே நாலாவது வீட்டுக்காரர்கள் போயிருக்கிறார்கள், ஐந்தாவது இவர்கள். ஒரு வயசுக்குள் எந்தப் பிள்ளை செத்தாலும் வீட்டாளையும் பார்த்த நர்சையும் டாக்டரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, எதனால் செத்தது, எங்கே கோட்டை விட்டோம் என்று உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று புதுசாகச் சட்டம் வந்திருக்கிறதாம். எதிர்ச் சுவரில் ஒரு கொழுகொழு பிள்ளை பல்லில்லாமல் சிரிக்கிற போஸ்டர். அதன் ஒரு தொடை அளவுகூட இல்லை இவர்கள் வீட்டுப் பிள்ளை. 'உங்களுக்கு எத்தன சென்டும்மா?' என்று பெஞ்சின் கோடியிலிருந்த வெள்ளை வேட்டிக்காரர் கேட்டார். இதே வராந்தாவில்தான் பட்டா மாற்றுவதற்கும் ஆட்கள் காத்துக்கிடக்கிறார்கள். 'பட்டாவுக்கு வரல. பிள்ள செத்ததுக்கு வந்திருக்கோம்,' என்றாள் முப்பிடாதி. அவர் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். 'அவருட்ட எதுக்குட்டி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுத?' என்றாள் பெரமாச்சி அத்தை, அக்காவின் மாமியார். 'வேற எந்த மாதிரி அத்த சொல்லணும்?' அத்தை வாயை ஒரு பக்கமாகக் கோணி, கேட் பக்கம் பார்த்துக்கொண்டாள். அக்காவுக்கு இது எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

கீழே எங்கேயோ ஒரு பிள்ளை அழுதது. அக்கா சட்டென்று முந்தானையை இழுத்து நெஞ்சை மூடினாள். பால் இன்னும் முழுக்க வற்றவில்லை. எவள் பிள்ளை அழுதாலும் போதும், ஜாக்கெட் நனைந்துவிடும், இதற்கென்றே ஒரு துண்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எழுந்து போய் அந்த அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது முப்பிடாதிக்கு.  சே, என்ன நினைப்பு இது. அவள் விரலை மூக்கில் வைத்து மோந்தாள். பீடித் தூள் வாடை. காலையில் மூன்று தரம் சோப்புப் போட்டும் போகவில்லை, ஒரு நாளும் போகாது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்று, அம்மா செத்த பிறகு அம்மாவின் பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்த நாளிலிருந்து இதே வாடைதான். இந்த விரலோடுதான் பிள்ளையைத் தூக்கினாள். தாயில்லாத வீட்டுக்குப் பேறுகாலத்துக்கு வந்து என்ன செய்ய என்று அக்கா மாமியார் வீட்டிலேயே இருந்துகொண்டாள், முப்பிடாதி தட்டையும் கத்தரியையும் தூக்கிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தாள். எட்டு மாசத்தில் வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை, ஒண்ணே முக்கால் கிலோ. ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தது. கறுப்பாக, கை கால் எல்லாம் நூல் நூலாக, ஆனால் விரலைக் கொடுத்தால் அப்படி ஒரு பிடி. நாற்பதாம் நாள்தான் பேர் வைப்பார்கள் என்பதால் அதற்குப் பேர் கிடையாது, காகிதத்தில் எல்லாம் செண்பகவல்லியின் பெண் குழந்தை. முப்பிடாதி மட்டும் கட்டெறும்பு என்று கூப்பிடுவாள். ஏ கட்டெறும்பு, முழிச்சிப் பாரு. இருந்திருந்தால் இன்றைக்கு நாற்பத்தோராம் நாள். நேற்று ஒரு பேர் வைத்திருப்பார்கள். என்ன பேர் என்று அக்கா யோசித்து வைத்திருந்தாளா என்று கேட்டதே இல்லை. இப்போது கேட்க முடியாது. ஃபேன் மறுபடி பதினெட்டு, பத்தொன்பது. நிறுத்து.

நிறுத்து என்று அன்றைக்கும் ஊர் நர்சம்மா சொன்னாள். பதினேழாம் நாள், சாயங்காலம் அஞ்சு மணி. பதினாலாம் நாள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டியவள், வரவில்லை. அவளுக்கு அவள் ஊரோடு அடுத்த ஊரும் சேர்த்து, அங்கே இருந்த நர்ஸ் மாறிப் போய் ரெண்டு வருசமாக ஆளே போடவில்லை. ஒருத்தி எத்தனை வீட்டுக்குத்தான் ஓடுவாள். போனில் கூப்பிட்டாள், பஸ் ஆரன் சத்தத்துக்கு நடுவில். 'முப்பிடாதி, இன்னைக்கும் வர முடியாது போலம்மா. பொட்டலூர்ல ஒருத்திக்கு வலி கண்டுட்டு, அவளக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருக்கேன். பிள்ள எப்படி இருக்கா?' 'பால் கொஞ்சந்தான் குடிக்கா. தூங்கிக்கிட்டே கெடக்கா நர்சம்மா.' 'மூச்ச எண்ணிப் பாத்துருவோம். சட்டையத் தூக்கி வயித்தப் பாரு. ஏறி எறங்குனா ஒண்ணு. நான் மணி பாக்கேன். ம், ஆரம்பி.' போனைத் தரையில் வைத்துவிட்டு எண்ணினாள். சின்ன வயிறு, தவளை வயிறு மாதிரி, வெடுக் வெடுக்கென்று. முப்பிடாதிக்கு எண்ணுவது ஒரு வேலையா. வாய் பேசும், காது பாட்டுக் கேட்கும், கை சுற்றும், உள்ளே எண்ணம் அது பாட்டுக்கு ஓடும். பீடிக்காரிக்கு இருபத்தைந்துக்கு மேல் எண் கிடையாது. இருபத்தைந்து சுற்றினால் ஒரு கட்டு. நூலைச் சுற்றித் தட்டின் இடது ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். எத்தனை கட்டு என்று மனசில் வைக்கத் தேவையில்லை, அதுதான் கண்ணுக்கு முன்னால் தட்டில் கிடக்கிறதே. மனசு சுமக்கிறது உதிரியை மட்டும். அன்றைக்கும் மனசு உதிரியை மட்டும்தான் சுமந்தது. 'நிறுத்து. எவ்வளவு?' 'பத்தொம்பது.' 'பத்தொம்பதா? அவ்வளவு கம்மியா இருக்காதே.' அப்போது அவள் கண் தன்னால் இடது பக்கம் போனது. கட்டு கிடக்கிற பக்கம். அங்கே தட்டு இல்லை, பிள்ளையைத் துடைக்கிற துண்டுதான் சுருண்டு கிடந்தது. 'இல்ல இல்ல, ஒரு கட்டு, பத்தொம்பது,' என்றாள். 'நாப்பத்து நாலு.' 'அதான பாத்தேன். அறுவதத் தாண்டுனாத்தான் பயம், ஒடனே கொண்டு ஓடணும். சரி, நாளைக்குக் கட்டாயம் வாரேன்.' ஒரு கட்டு என்று வாயில் ஏன் வந்தது. ரெண்டு என்று ஏன் வரவில்லை. நர்சம்மா கம்மி என்றதும், கடைக்காரன் தராசில் ஒரு கை அள்ளிப் போடுகிற மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டாளா. இல்லை, நிஜமாகவே ஒரு தரம்தான் இருபத்தைந்தைத் தாண்டினாளா. அந்த ஒரு நிமிசத்தை எத்தனையோ தரம் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டாள். இருபத்து மூன்று, நாலு, ஐந்து, ஒன்று, ரெண்டு. தாண்டுகிற இடத்தில் வழுக்கிவிடுகிறது. இன்னொரு தரம் எண்ணியிருக்கலாம். ஒரே ஒரு நிமிசம். நர்சம்மா சொல்லவில்லை, சரி, இவளுக்கே தோன்றவில்லையா? தோன்றியது. அதுதான் விசயம். தோன்றியது, ஆனால் இன்னும் நாலு கட்டு பாக்கி இருந்தது, பீடிக் கடையை ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். தட்டை மடியில் எடுத்தாள்.

'எக்கா, தண்ணி குடிக்கியா?' என்று கேட்டாள். அக்கா தலையை ஆட்டினாள், வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று தெரியவில்லை. அக்கா இப்போதெல்லாம் படுப்பதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் கண்ணை மூடுகிறாள். படுத்தால் அந்தக் காலை வந்துவிடும் போல. பதினெட்டாம் நாள், எட்டு மணி. ஆப்பரேசன் தையலில் சீழ் வைத்து, நிமிர்ந்து உட்கார முடியாமல், ஒருக்களித்துப் படுத்துத்தான் பால் கொடுத்தாள். முப்பிடாதி பீடி இலையை நனைத்துக்கொண்டிருந்தாள். அக்கா 'எட்டி' என்றாள். சத்தமாகக்கூட இல்லை, உப்பு எங்கே என்று கேட்கிற மாதிரி. வந்து பார்த்தால் பிள்ளையின் கடைவாயில் பால் வழிந்து காதுவரை போயிருந்தது, உதடு நாகப்பழம் தின்ற நிறம். அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்கவில்லை. சாவு என்றால் ஏதோ ஒரு பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தாள். அத்தை ஓடி வந்து பார்த்துவிட்டு, 'படுத்துக்கிட்டே பால் குடுத்து பிள்ளைய மூச்சு முட்ட வச்சிட்டியேட்டி பாவி,' என்றாள். அந்த ஒரு வாக்கியம் மத்தியானத்துக்குள் தெரு முழுக்க நடந்து, சாயங்காலம் குழாயடியில் நின்றது. புரையேறிச் செத்திட்டாம், தாய் தூங்கிட்டாளாம், என்ன தூக்கமோ. அத்தான் போர்வெல் லாரியோடு ஆந்திராவில், ரெண்டு நாள் கழித்து வந்து, மூன்றாம் நாள் போய்விட்டான். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே வரச் சொல்லிக் கடிதம் வந்ததும் அத்தை சொன்னாள், 'கலெக்டரு வாயால வரட்டும், எதனால செத்துதுன்னு. அதுக்கப்புறம் நான் எம்மவன்ட்ட பேசிக்கிடுதேன்.' அக்கா பெட்டியை ஏற்கெனவே கட்டி வைத்துவிட்டாள். யாரும் கட்டச் சொல்லவில்லை. 'நாந்தாம்ட்டி,' என்கிறாள் அவ்வப்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே. 'லேசாக் கண்ண மூடுன மாதிரிதான் இருந்திச்சி.' முப்பிடாதி அப்போதெல்லாம் இலை வெட்டுவாள், கத்தரி சத்தம் பெரிசாகக் கேட்கும்படி வெட்டுவாள்.

எதிர்ப் பெஞ்சில் ஞானசுந்தரி நர்சம்மா, மடியில் ஃபைல். இவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை. நல்லவள்தான். அக்காவின் பேறுகாலத்துக்கு ரத்தம் கிடைக்காமல் இழுத்தடித்தபோது தன் தம்பியைக் கூட்டி வந்து கொடுக்க வைத்தவள். அதனால்தான் கஷ்டம், கெட்டவளாக இருந்தால் இந்நேரம் எப்போதோ சொல்லித் தொலைத்திருக்கலாம். பிள்ளை செத்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள், பக்கம் பக்கமாகக் கேள்வி அச்சடித்த ஒரு பாரத்தோடு. அழுதாள், நிஜமாகவே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டுக் கேள்வி கேட்டாள். பிள்ளை பிறந்ததும் அழுததா, சீனித் தண்ணி கொடுத்தீர்களா, மூக்கில் எண்ணெய் விட்டீர்களா, வலிப்பு வந்ததா. பதினேழாம் நாள் என்கிற இடத்தில் பேனா நின்றது. பிள்ளையின் ஆஸ்பத்திரிக் கார்டில் அந்தத் தேதியில் அவள் கையெழுத்து, வீட்டுக்கு வந்து பார்த்ததாக, மூச்சு 44 என்று. நிமிர்ந்து பார்த்தாள். 'நான் வந்தேன்லா முப்பிடாதி?' கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. மழை பெய்ததுதானே என்று கேட்கிற மாதிரி கேட்டாள். முப்பிடாதி தலையாட்டினாள். நர்சம்மா வேலை போய்விடக் கூடாதே என்று ஆட்டினதாக ஒரு வாரம் தனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தாள். மண்ணாங்கட்டி. நர்சம்மா வந்திருந்தால் எண்ணியது நர்சம்மா. அப்புறம் அந்த நாற்பத்து நாலு முப்பிடாதியுடையதே இல்லை. அதற்குத்தான் ஆட்டினாள். அந்தப் பாரத்தின் கடைசிப் பக்கத்தைத் தலைகீழாகவே வாசித்தாள். இந்த மரணத்தைத் தவிர்த்திருக்க முடியுமா? ஆம், இல்லை. ரெண்டு கட்டம். நர்சம்மா ரெண்டையும் தொடாமல் தாளை மடித்துக்கொண்டு போனாள்.

கடிதம் முப்பிடாதியின் கைப்பைக்குள் இருக்கிறது. அந்த வீட்டில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறவள் அவள் ஒருத்திதான், நாலு தரம் வாசித்துவிட்டாள். இந்த ஆய்வு யாரையும் குற்றம் சாட்டுவதற்கு அல்ல. இங்கே கூறப்படுபவை எந்த வழக்கிலும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட மாட்டா. பெயர்கள் வெளியிடப்பட மாட்டா. நல்ல சட்டம்தான், யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். போலீசு வராது, கோர்ட்டு வராது. பெஞ்சில் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற அத்தையின் வாயைக் கட்ட எந்தப் பிரிவு இருக்கிறது? இடது பக்கம் இருக்கிற அக்காவுக்கு? சொன்னால் அக்கா பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வருவாள், உட்கார்ந்தபடியே தூங்குவாள், ரெண்டு பேரும் எதிரெதிரே தட்டை வைத்துச் சுற்றுவார்கள், வருசக்கணக்காக. அவள் நாந்தாம்ட்டி என்பாள், இவள் இலை வெட்டுவாள். ஒரு வேளை ஒரு கட்டுதானோ என்னவோ. நாற்பத்து நாலாகவே இருந்து, நிஜமாகவே புரையேறியே செத்திருந்தால்? அப்போது இவள் எதற்கு வாயைத் திறந்து நர்சம்மா பிழைப்பைக் கெடுக்க வேண்டும். ஆனால் வயிறு வெடுக் வெடுக்கென்றுதான் இருந்தது. விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. பார்த்தாள். பார்த்துக்கொண்டே எண்ணினாள். வேகமாகச் சுற்றுகிறபோது எப்படி எண்ணுவாளோ அந்த வேகத்தில் எண்ணினாள், மூச்சு வாங்கும்படி எண்ணினாள். நாற்பத்து நாலுக்கு அந்த வேகம் வேண்டுமா.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு ஆணும் பெண்ணும் வெளியே வந்தார்கள், கையில் ஆளுக்கு ஒரு பிஸ்கட், என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு. 'அஞ்சாவது கேசு, செண்பகவல்லி,' என்றான் பியூன். எழுந்தார்கள். நர்சம்மாவும் எழுந்தாள். உள்ளே ஏசிக் குளிர், நீள மேசை, பத்துப் பதினைந்து பேர். நடுவில் கலெக்டர், சின்ன வயசு அம்மா, அக்காவைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். பக்கத்தில் கண்ணாடி போட்ட குழந்தை டாக்டர் பிள்ளையின் கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். 'உட்காருங்கம்மா. எதுக்கும் பயப்பட வேண்டாம், இது விசாரணை இல்ல,' என்றார் கலெக்டர். டாக்டர் கார்டைப் பார்த்தே பேசினார், கெட்ட குரல் இல்லை, களைத்த குரல். 'எடை குறைவான குழந்தை. பதினேழாம் நாள் நர்ஸ் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்காங்க. மூச்சு நாற்பத்து நாலு, சரியா இருந்திருக்கு. மறுநாள் காலையில இறந்திருக்கு. அதனால நிமோனியான்னு சொல்றதுக்கு இடமில்ல. பால் புரையேறினதுதான்.' அக்காவைப் பார்த்தார். 'படுத்துக்கிட்டா பால் குடுத்தீங்க?' 'ஆமா சார்.' 'படுத்துட்டுக் குடுக்காதீங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பலையா?' 'சொன்னாங்க சார்,' என்றாள் அக்கா. அத்தை நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் எழுத ஆரம்பித்தார். தாயின், என்று எழுதியது முப்பிடாதிக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அடுத்து கவனக்குறைவு என்று வரும். அக்கா அந்தப் பேனாவை, சாமியாடி திருநீறு பூச வரும்போது தலையைக் குனிகிறவள் மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தாள்.

'சார், அந்த நாப்பத்து நாலு நான் எண்ணுனது.' யார் பேசியது என்று முப்பிடாதியே ஒரு நொடி தேடினாள். பேனா நின்றது. 'நர்சம்மா வரல. போன்ல இருந்தாங்க. நாந்தான் எண்ணுனேன். தப்பா எண்ணிருக்கலாம்.' மேசை முழுக்க நர்சம்மா பக்கம் திரும்பியது. ஞானசுந்தரி நர்சம்மா ஃபைலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். 'ஆமா சார்,' என்றாள். 'நான் பஸ்ல இருந்தேன்.' அதற்கு மேல், ரெண்டு ஊர், ஆள் போடாத ரெண்டு வருசம், பொட்டலூர்க்காரியின் வலி, எதையும் சொல்லவில்லை. 'எப்படிம்மா எண்ணுன?' என்றார் டாக்டர். சொன்னாள். இருபத்தைந்தை, நூலை, தட்டின் இடது ஓரத்தை. சொல்லச் சொல்ல விரல்கள் தன்னால் காற்றில் சுற்றிக் காட்டின. யாரோ ஒருவர் சிரிக்க வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். 'அப்ப பத்தொன்பதுக்கு முன்னாடி எத்தனைன்னு…' 'தெரியாது சார். ஒரு கட்டுன்னா நாப்பத்து நாலு. ரெண்டு கட்டுன்னா அறுவத்தொம்பது. வயிறு குழி விழுந்திச்சி. அதயும் நான் சொல்லல.' டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுதிய வரியை ஒரே கோடாக அடித்தார். அதற்கு மேலே எதுவும் எழுதவில்லை. 'இது யாரையும் குத்தம் சொல்றதுக்கான கூட்டம் இல்ல,' என்று கலெக்டர் ஆரம்பித்து, கடிதத்தில் இருந்த அதே வார்த்தைகளை வரிசை தப்பாமல் சொன்னார். நல்ல வார்த்தைகள்.  ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டு போக வந்த அத்தைக்கு மூன்று பெயர் கிடைத்திருந்தது, யாரை முதலில் ஏசுவது என்று தெரியாமல் முந்தானையை முறுக்கினாள்.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு முகத்துக்கு நேராக இப்போதுதான் பார்க்கிறாள். 'ரெண்டு கட்டாட்டி?' என்றாள், இவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். ஒன்று என்று சொல்லலாம். பழி பழைய இடத்துக்கே போய்விடும். ரெண்டு என்று சொல்லலாம். அக்கா இன்றைக்குப் படுத்துத் தூங்குவாள், அதன் பிறகு அவளுக்குத் தங்கச்சி என்று ஒருத்தி இருக்க மாட்டாள். ரெண்டில் எதைச் சொன்னாலும் அது பொய்யாக இருக்கலாம். 'தெரியலக்கா,' என்றாள். அக்கா பார்வையை எடுக்கவில்லை. அழவும் இல்லை. கழுத்துக் குழி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. டாக்டர் நர்சம்மாவிடம் ஏதோ கேட்க ஆரம்பித்தார், தாள்கள் புரண்டன, பியூன் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். முப்பிடாதிக்கு அக்காவின் முந்தானை ஏறுவதும் இறங்குவதும் மட்டும்தான் தெரிந்தது. ஏறி இறங்கினால் ஒன்று. எண்ணினாள். அவசரப்படாமல், உதட்டுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லி எண்ணினாள். இருபத்து மூன்று. இருபத்து நாலு. இருபத்தைந்து. விரல்கள் நூலைத் தேடின. தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு.